மியூனிக்கில் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள்

மகனே,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடாதே. அதை முதலில் சொல்லிவிட்டேன்; மீதியை நீ டீயைக் குடித்துக்கொண்டே படிக்கலாம். நேற்று போனில் நீ சொன்னது இன்னும் என் காதுக்குள் வண்டு மாதிரி குடைகிறது. "அப்பா, ஹி செட் நோ. அவர் வரலைன்னு சொல்லிட்டார். அவர் முடிவை நாம ரெஸ்பெக்ட் பண்ணணும்." உன்னைத் துபாயில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். அந்தப் படிப்பு ஒருநாள் எங்கள் அர்பாபின் காலுக்கே உலை வைக்கும் என்று அன்றைக்கு எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் கான் பாயின் லாரியில் ஜல்லியோடு ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து உன் ஆபீசுக்கு வரும். வழியில் பத்துப் பேராவது பிரித்துப் படிப்பார்கள். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். அர்பாப் என்பவர் ராஸ் அல் கைமாவில் எங்கள் கல் குவாரியின் முதலாளி. நம் எல்லாருடைய விசாவிலும் கஃபீல், அதாவது பொறுப்பாளர், என்று இருக்கும் பெயர் அவருடையது. சர்க்கரைக்காரர். போன தடவை ஒரு காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, ஜெர்மனியில் மியூனிக் நகரம் வரைக்கும் போய் அதைத் திறந்துகொண்டு வந்தார். கூடப் போனவன் நான். இப்போது அடுத்த கால். கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்துவிட்டது. அதே டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். இந்தத் தடவை அவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். என் முதுகு பழைய கேம்ப் கட்டில் மாதிரி திரும்பினால் கிறீச்சிடுகிறது என்பதால் நீ போகிறாய். எல்லாம் தயார். அவர் மட்டும் "மாஃபி ஜெர்மனி, கலாஸ்", ஜெர்மனி கிடையாது, முடிந்தது, என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாள் தவறினால் விரல் போகும், பிறகு கால் போகும். அதற்குப் பிறகு என்ன போகும் என்பதை எழுத என் பேனா ஒத்துழைக்க மறுக்கிறது.

ஆகவே நான் உனக்கு எழுதப்போவது, மியூனிக்கில் எங்கே சாப்பிடுவது என்பதைப் பற்றி. சிரிக்காதே. இந்த விஷயத்தில் மஸ்கட் ரூவியிலிருந்து குவைத் வரைக்கும் தேடினாலும் என்னைப் போல ஒரு பேரறிஞன் அகப்பட மாட்டான். நான் அந்த ஊரில் பசித்திருக்கிறேன். ஒரு ஊரில் பசித்தவனுக்குத்தான் அந்த ஊரின் ஓட்டல்கள் தெரியும். வயிறு நிறைந்தவனுக்குக் கட்டடங்கள்தான் தெரியும்.

முதல் சங்கதி, அந்த ஊரில் அவருக்கு ஆகாத பன்றியையும் நமக்கு ஆகாத மாட்டையும் ஒன்றாக அரைத்து ஒரே தோலுக்குள் அடைத்துவிடுகிறார்கள். உலகத்திலேயே மத நல்லிணக்கம் அதிகம் உள்ள பண்டம் அதுதான். குழாய் வடிவில் எது வந்தாலும் தொடாதே. வெள்ளையாக, சாதுவாக, தண்ணீர்ச் சட்டியில் மிதந்துகொண்டு வந்தாலும் தொடாதே. இளஞ்சிவப்பில் கேக் மாதிரி துண்டு போட்டுக் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள். அது கேக் அல்ல, அதுவும் இறைச்சிதான். நான் அதற்கு மேலே ஜாம் தடவித் தரச் சொல்லிக் கேட்டபோது, கடைக்காரி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நிமிஷம் என் பாஸ்போர்ட்டே செல்லாமல் போய்விட்டது. இரண்டாவது சங்கதி, மத்தியானம் ஒரு வேளைதான் ஆஸ்பத்திரியில் சூடாகக் கொடுப்பார்கள். சாயந்திரம் ஆனால் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு கீற்று வெள்ளரிக்காய். அடுப்பை ஜெர்மன்காரர்கள் சூரியனோடு சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும் சங்கதி. அந்த ஊரில் சாப்பிடுகிறாயா என்று ஒரு தடவைதான் கேட்பார்கள்.

உனக்கு இது புரியாது. நீ பசித்தால் "யெஸ்" என்பாய், பசிக்காவிட்டால் "நோ" என்பாய், அப்படி வளர்ந்துவிட்டாய். நாங்கள் வேறு ஜாதி மனிதர்கள். ஒரு வீட்டில் சாப்பிடச் சொன்னால் முதல் தடவை "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும், வயிறு முதுகில் ஒட்டியிருந்தாலும். இரண்டாவது தடவை "அய்யோ, வேண்டாங்க" என்று கொஞ்சம் நெளிய வேண்டும். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தால், சரி, உங்களுக்காக என்று ஒரு படி சோற்றை உள்ளே தள்ள வேண்டும். இதில் பரமக்குடிக்காரனான நானும் மலையடிவார அரபியான அவரும் ஒரே அச்சு. காபிக் கோப்பையைக்கூட அவர் முதல் தடவை தொட்டு நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட இரண்டு பிரகிருதிகள் சேர்ந்து மியூனிக்கில் போய் இறங்கினால் என்ன ஆகும்? நர்ஸம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்து என்னவோ கேட்பாள். இவர் கண்ணை மூடிக் கையை உயர்த்தி வேண்டாம் என்பார். அவள் "ஓகே" என்று சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இவர் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், மறுபடி வருவாள் என்று. கதவு மூடியபடியே இருக்கும். எனக்கும் அவள் காபி நீட்டினாள். நானும் நெளிந்தேன். எனக்கும் கதவுதான்.

அது ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தங்கியிருந்த அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அர்பாப் குளித்து, வெள்ளைக் கந்தூரா அங்கி போட்டு, அத்தர் மணக்கத் தயாராக இருந்தார். கொஞ்சம் காற்றாடப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். "காலையில் சாப்பிட்டீர்களா அர்பாப்?" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அது சாப்பிட்டவரும் சொல்லும் சொல், சாப்பிடாதவரும் சொல்லும் சொல். நான் அதைப் பிடித்துக் குடைந்து கேட்டிருக்க வேண்டும். சர்க்கரை ஊசி மட்டும் உள்ளே போயிருந்தது, ரொட்டி போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. டாக்ஸி பிடித்து, ஆங்கிலத் தோட்டம் என்று அவர்கள் சொல்லும் ஒரு பூங்காவுக்குப் போனோம். பூங்கா என்று எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது; அதற்குள் நம் ராஸ் அல் கைமாவை மடித்து ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

கொஞ்ச தூரம் நடந்தோம். "யா மதராசி, இந்தக் காற்றை ஒரு டிரம்மில் அடைத்துக் கொண்டுபோக முடிந்தால்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அந்தக் குளிர்காற்றில் எனக்கு ஸ்வெட்டருக்குள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு வேர்வை. கையிலிருந்த தஸ்பீஹ் மணிகள் கீழே விழுந்தன. குனிந்து எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தன. பிறகு என்னைப் பார்த்து அவருடைய செத்துப்போன அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரை இறங்குகிறது. "அர்பாப், காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். "அந்தப் பெண் ஒரு தடவைதான் கேட்டாள்" என்றார், குழந்தை மாதிரி.

பையைத் தடவினேன். ரயில் டிக்கெட், கைக்குட்டை, தலைவலித் தைலம். உலகத்துப் பேரீச்சம்பழம் எல்லாம் விளைகிற வளைகுடாவிலிருந்து வந்த இரண்டு ஆண்பிள்ளைகளின் பையில் ஒரு பேரீச்சம்பழம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடை கிடையாது, தெரிந்துகொள். சனிக்கிழமை மத்தியானமே இழுத்துப் பூட்டிவிடுவார்கள். மகாராஜா வந்து தட்டினாலும் திங்கட்கிழமைதான். அவரை ஒரு பெஞ்சில் சாய்த்துவிட்டு மரங்களுக்கு நடுவே பார்க்கிறேன். கொஞ்ச தூரத்தில் பாட்டுச் சத்தம், ஆயிரம் பேர் சாப்பிடும் சத்தம். அவரை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கிட்டப் போனதும் அவருடைய கால் நின்றுவிட்டது. அது பீர் குடிக்கிற தோட்டம். ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு கண்ணாடிக் குடம். அதில் ஒன்றை இங்கே கொண்டுவந்தால் கேம்ப் முழுக்கக் குளிக்கலாம். "ஹராம். நான் உள்ளே வரமாட்டேன்." "அர்பாப், உயிர்..." "லா." கண் சொருகுகிறது, நாக்கு குழறுகிறது, முடியாது என்கிற அந்த "லா" மட்டும் எஃகு மாதிரி வருகிறது. வேலிக்கு வெளியே இருந்த பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே ஓடினேன்.

சாப்பாடு கொடுக்கிற இடத்தில் வரிசை. பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசை எல்லாம் அதற்குக் கொழுந்தன் முறை. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. குடிக்க மட்டும் அங்கே வாங்கினால் போதும், சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாம். ஓரத்து மேஜையில் ஒரு வயதான அம்மாவும் அவள் புருஷனும் கட்டம் போட்ட துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். டப்பா நிறைய பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட கேக். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, டப்பாவை அப்படியே என் பக்கம் நீட்டி "பிட்டே" என்றாள். எடுத்துக்கொள் என்கிறாள். மகனே, நன்றாகக் கேள். எனக்குப் பின்னால் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைகளைக் கூப்பி, தலையை ஆட்டி, பல்லைக் காட்டி, "நோ நோ, தேங்க்யூ" என்றேன். என் மூளை சொல்லவில்லை. என் பாட்டன் பூட்டன் எல்லாரும் சேர்ந்து என் வாயால் சொன்னார்கள். அவள் மரியாதையாகத் தலையசைத்து டப்பாவை மூடினாள். டப் என்று ஒரு சத்தம். குவாரியில் மலைக்கு வெடி வைத்து அந்தச் சத்தம் கேட்டுப் பழகிய காது இது. அந்த மூடியின் சத்தத்துக்குத்தான் முதல் தடவையாகக் காதைப் பொத்திக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் வெள்ளைக் கந்தூரா ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. இனி எந்தப் பாட்டனும் வேண்டாம் என்று அந்த அம்மா கையிலிருந்த டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினேன். அவள் புருஷன் எழுந்தான். எழுந்தான், எழுந்தான், எழுந்துகொண்டே இருந்தான். ஜெபல் அலி கிரேன் நிமிர்வது போல. நான் பெஞ்சைக் காட்டினேன். ஊசி குத்துவது போல என் கையில் குத்திக் காட்டினேன். அந்த அம்மா பார்த்தாள். "த்சுக்கர்!", சர்க்கரை, என்று கத்திக்கொண்டு, எனக்கு முன்னால் ஓடினாள். அந்தக் கிரேன் ஒரு பெரிய கண்ணாடித் தம்ளரில் ஆப்பிள் சாற்றோடு பின்னால் ஓடிவந்தது.

முடிந்தது என்று நினைக்கிறாயா? ஆப்பிள் சாறு என்ன நிறம்? பொன் நிறம். பீர் என்ன நிறம்? தம்ளரை உதட்டில் வைத்ததும் அர்பாப் பல்லை இறுக்கிக்கொண்டார். "குடியுங்கள் அர்பாப், ஆப்பிள், பீர் இல்லை." "லா." அந்த அம்மா தவித்துப்போய் என்னைப் பார்க்கிறாள், அவர் வேண்டாம் என்கிறாரே, என்ன செய்வது என்று அவள் கண்ணில் இருந்தது. அவளைப் பொறுத்தவரை அதோடு சரி. நான் அவருக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். பாதியை நானே குடித்துக் காட்டினேன். "வல்லாஹ், ஆப்பிள். உங்கள் பிள்ளைகள் மேல் சத்தியம். குடியுங்கள்." தலை மெதுவாக அசைந்தது, வேண்டாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எனக்காக. இந்த மதராசிக்காக ஒரு வாய்" என்றேன். வாய் திறந்தது.

தம்ளர் காலியானது. கேக் ஒரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு. உதட்டில் நிறம் வந்தது. என்னை என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் கிரேன் மனிதன் போய்க் குச்சியில் குத்திக் கரியில் சுட்ட மீன் வாங்கிவந்தான். நம் ஊர் அயிலை மாதிரி, ஒரு முழம். அர்பாப் முள்ளைத் தவிர எதையும் விட்டுவைக்கவில்லை. சாப்பிட்டு முடித்துத் தாடியைத் துடைத்துக்கொண்டு, "இவர்களுக்கு மீன் சுடத் தெரியவில்லை. ஒரு பக்கம் கருகிவிட்டது" என்றார். அப்போதுதான் நான் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "காலையிலேயே அந்த நர்ஸிடம் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் என்ன அர்பாப்?" என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு தடவை நீட்டியதும் வாங்கிக்கொள்ள நான் என்ன வழிப்போக்கனா?"

ஆகவே உன் பயண விதிகள். அந்த ஊர்க்காரர் எதை நீட்டினாலும், நீட்டிய கை மடங்குவதற்குள் "யெஸ்" சொல்லி வாங்கு. அது உனக்குச் சுலபம். அர்பாபின் கோட்டுப் பையில் பேரீச்சம்பழம் போட்டுவை. நீங்கள் போகும்போது குளிர்காலம், தோட்டங்களைச் சாத்தியிருப்பார்கள். பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குத் தெற்கே கோதே தெரு என்று ஒன்று, முழுக்கத் துருக்கிக்காரர்கள். "சலாம்" என்று சொல்லி உள்ளே போனால் மைசூர்ப் பருப்பில் சூடாக ஒரு சூப் தருவார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் போன உயிர் பாதி வழியில் திரும்பும். அய்ரான் என்று கேள், உப்புப் போட்ட நம் மோர்தான். அங்கே கறியைப் பற்றிக் கவலை இல்லை, அவர் திருப்தியாகச் சாப்பிடுவார். நீ கோழியோடு நிறுத்திக்கொள். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்டேஷனுக்குள் போய்விடு, அது மட்டும் பூட்டாது. ஊர் நடுவில் ஒரு பெரிய சந்தை, வார நாட்களில் பழமும் மீனும் சூப்பும் கிடைக்கும். தெருமுனையில் ஒரு கொட்டையைச் சுட்டுத் தாள் பையில் தருவார்கள், பலாக்கொட்டை ருசி. ஆஸ்பத்திரித் தட்டு வந்தால் நர்ஸ் கேட்பதற்கு முன்னால் நீ வாங்கி மேஜையில் வைத்துவிடு. கேள்வியும் பதிலும் உனக்கும் அவருக்கும் நடுவில் நடக்கட்டும்.

இனி நேற்று நடந்தது. உன் போனுக்குப் பிறகு அர்பாபின் வீட்டுக்குப் போனேன். மஜ்லிஸ் கூடத்தில் அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா சொல்லிவிட்டார்" என்றான் பெரியவன். நல்ல பிள்ளைகள், அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளைகள். அவர்கள் நல்லவர்களாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மியூனிக் போகலாம் வாருங்கள் என்று நான் கேட்டேன். "மாஃபி. கலாஸ், மதராசி. வயசாகிவிட்டது, இங்கேயே கிடக்கிறேன்" என்றார். காபி வந்தது. குடித்தோம். மறுபடி கேட்டேன். போர்வைக்குள் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எழுந்து தொழப் போனார்கள். அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரகசியம் பேசுகிறவர் மாதிரி என் பக்கம் குனிந்தார்.

"உன் மகனுக்கு அங்கே ராத்திரிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தெரியுமா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவே என்னுடைய மூன்றாவது அழைப்பாகியிருக்கும். கூட்டிக்கொண்டு போகிறவன் நீ, மூன்றாவது தடவை நீ கேட்க வேண்டும். வரமாட்டேன் என்று உண்மையிலேயே முடிவு செய்த மனிதன், போகாத ஊரில் ராத்திரிச் சாப்பாடு என்ன என்று விசாரிக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை வா. ஜும்மா முடிந்து, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு அவர் திண்டில் சாய்வார். நாற்காலியில் உட்காராதே, அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார். மியூனிக்குக்கு என்னோடு வாருங்கள் என்று சொல். மாஃபி என்பார். எழுந்திருக்காதே. கோதே தெருவைப் பற்றிச் சொல், சூப்பைப் பற்றிச் சொல், மறுபடி கூப்பிடு. கண்ணை மூடிக் கையை உயர்த்திக் கலாஸ் என்பார்.

எழுந்திருக்காதே.

உன் அப்பா